‘இல்லீங் டீச்சர்’ என்ற பதில்

தொண்ணூறுகளின் நடுவில், காரமடைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பது வயது. பதினைந்து வருட சர்வீஸ். பிளஸ் ஒன் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான்.

அந்த வருடம் கோயமுத்தூரில் ஒரு தொண்டு நிறுவனம், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்டு உதவி செய்ய ஆட்களைத் தயார் செய்கிற பயிற்சி ஒன்றை ஆரம்பித்திருந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை. வந்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள், மீதிப் பேர் சமூகப் பணியாளர்கள். ஒருவரை அனுப்பச் சொல்லி எங்கள் பள்ளிக்கும் கடிதம் வந்தது. தலைமையாசிரியை என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது, எனக்கு இல்லை.

எனக்கு இதெல்லாம் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைகள் என்னிடம் பயமும் பிரியமுமாக இருப்பார்கள், பெற்றோர்கள் தேடி வந்து பேசுவார்கள். பாடம் நடத்தியது போக, யார் முகம் வாடியிருக்கிறது, யார் டிபன் கொண்டு வரவில்லை என்று பார்க்கத் தெரிந்த டீச்சர் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு மனநல சமூகப் பணியாளர். என்னைவிட எட்டு வயதாவது சின்னவர். முதல் இரண்டு வகுப்புகளிலும் அவர் எங்களைச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். எதிரில் இருப்பவர் பேசும்போது புத்திமதி சொல்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் மூன்றாவது நிமிடத்திலேயே சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

நாலாவது பயிற்சி வகுப்புக்கு முந்தைய வியாழக்கிழமை, காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். இரண்டாவது பெஞ்சுக்குக் கீழே கிடந்ததாம். பிரித்துப் பார்த்தேன். யாரோ ஒரு பையன் எழுதியது. தினமும் பஸ் ஸ்டாப்பில் நிற்பதாகவும், ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். மேலே என் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயர் இருந்தது. நன்றாகப் படிக்கிற பெண். அப்பா இரும்பு வார்க்கிற பவுண்டரியில் மோல்டிங் வேலை, அம்மா கறிவேப்பிலை பறிக்கப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்.

அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். கடிதத்தின் முதல் இரண்டு வரிகளை வகுப்பில் சத்தமாகப் படித்தேன். ஒருத்தியைக் கண்டித்தால் நாற்பது பேரும் ஒழுங்காக இருப்பார்கள் என்பது அன்றைய என் கணக்கு. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“திங்கக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுத்தான் கிளாஸுக்குள்ள வரணும்” என்று சொல்லிவிட்டு அட்டெண்டன்ஸைத் தொடர்ந்தேன். அந்தப் பையன் யார், அவளுக்கு அவனைத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல வந்தாள். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து ரெகார்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள். அதை முடிக்க இன்னும் இரண்டு வாரம் டைம் இருந்தது. புரட்டிப் பார்த்தேன். எல்லாப் படமும் வரைந்து, பாகம் குறித்து, அட்டவணையும் எழுதி முடித்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திட்டியது வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டேன். பெண் பிள்ளைகளைத் திட்டி அனுப்பும்போது இப்படி ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்வது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் இருந்த பழக்கம். ஒரு பாதுகாப்புக்காக.

“இதையே மனசுல போட்டுக் கொழப்பிக்காத அம்மணி. தப்பா எல்லாம் எதுவும் பண்ணிக்க மாட்டே இல்ல?”

“இல்லீங் டீச்சர்.”

“நல்ல புள்ள. போய்ட்டு வா.”

வெளியே வரும்போது கேட் பக்கத்தில் அவளுடைய பெஞ்சுத் தோழி நின்றிருந்தாள். கையில் அந்தப் பெண்ணின் கலர் பென்சில் டப்பா. போன வருடம் ஓவியப் போட்டியில் அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது, யாரையும் தொட விடமாட்டாள். உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவளே கொடுத்துவிட்டாள், இனிமேல் தேவைப்படாது என்று சொன்னாள் என்றது அந்தப் பிள்ளை. ரெகார்டுதான் முடிந்துவிட்டதே என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் பயிற்சி. அன்றைய பாடம் தற்கொலை எண்ணம். பயிற்சி கொடுத்தவர் கரும்பலகையில் சில அறிகுறிகளை எழுதினார். பிறகு, ஒரு பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேட்டுவிட வேண்டும் என்றார். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று அதே வார்த்தையைப் போட்டுக் கேட்க வேண்டுமாம்.

அறையில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும்தான். நினைக்காத பிள்ளைக்கு நாமே நினைப்பை ஊட்டிவிட மாட்டோமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். “கேக்கறதால அந்த நெனப்பு புதுசா வராதுங்க டீச்சர். ஏற்கெனவே இருந்தா, சொல்றதுக்கு ஒரு ஆள் கெடைச்சுருச்சுன்னு ஆயிரும். அவ்வளவுதான்.”

அப்புறம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பழகச் சொன்னார். எனக்கு ஜோடியாக வந்தவர் உக்கடம் பக்கத்துக்காரர். முஸ்லிம் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் துணிக்கடை பார்க்க, இவர் மட்டும் சமூகப் பணி படித்துவிட்டு ஒரு சேவை அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் பரீட்சையில் தோற்ற மாணவனாக நடிக்க வேண்டும், நான் கேட்க வேண்டும்.

எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. வெள்ளி செவ்வாயில் அந்தச் சொல்லையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினேன். கடைசியில், “தப்பா எல்லாம் எதுவும் பண்ணிக்க மாட்டீங்க இல்ல?” என்று கேட்டு முடித்தேன்.

அவர் “இல்லீங் டீச்சர்” என்றார். பிறகு நடிப்பை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்க டீச்சர். ‘மாட்டீங்க இல்ல’ன்னு கேட்டா ‘மாட்டேன்’னுதானுங்களே சொல்ல முடியும்? ஆமான்னு சொல்றதுக்கு எனக்கு நீங்க எடமே குடுக்கலையே.”

எனக்குச் சுருக்கென்றது. என்னைவிடப் பத்து வயது சின்ன ஆள், பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வேலை பார்த்திருப்பாரா என்றுதான் முதலில் நினைத்தேன். பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காலையில் எழுதிய வரிகள் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. கையில் இருக்கும் வேலைகளை அவசரமாக முடிப்பது. கஷ்டத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவது. காலையில் இந்த மூன்றையும் நோட்டில் அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கலர் பென்சில் டப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடி வைத்துவிட்டு, பயிற்சி கொடுத்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை வகுப்பில் படித்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை.

“அந்தப் பொண்ணு வீடு தெரியுமா உங்களுக்கு? இப்பவே கெளம்புங்க” என்றார். நேரடியாகக் கேளுங்கள், ஆமாம் என்றால் பெரியவர்கள் யாராவது வரும் வரை தனியே விடாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தெந்த நாளில் பார்ப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

காந்திபுரத்தில், காரமடை வழியாகப் போகிற மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கேட்க வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். துடியலூர் தாண்டியும் சரியாக வரவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “ஏனுங்க, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லீங்களா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அவள் ஊர் காரமடையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பயமாக இருந்ததால் ஆட்டோ பிடித்தேன். ஊர் முனையில் ரேஷன் கடையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். கறிவேப்பிலைத் தோட்டத்தை ஒட்டி வரிசையாக நாலு ஓட்டு வீடுகள். கடைசி வீட்டு வாசலில் அவள் யூனிஃபார்மைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கையின் யூனிஃபார்மும் சேர்த்து.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

“உங்கப்பாவைப் பார்க்க வரல கண்ணு. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்” என்றேன். அம்மா வேலைக்குப் போயிருக்கிறார், தங்கை பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள் என்று சொன்னாள். உள்ளே போய்ப் பாயை விரித்துப் போட்டாள். எதிரெதிரே உட்கார்ந்தோம். என்னுடைய பதினைந்து வருட அனுபவம் எனக்கு ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

“செத்துப்போயிரலாம்னு உனக்குத் தோணுதா கண்ணு?”

அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, “யாருங் டீச்சர் சொன்னாங்க?” என்றாள்.

அதுதான் அவள் சொன்ன ஆமாம். யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது என்றேன். அப்புறம் நான் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்தது அவ்வளவு நல்லது என்று எனக்கு அன்று தெரியாது, பயத்தில்தான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பையன் யாரென்றே அவளுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் அவன் கடிதத்தை அவள் பைக்குள் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் கிழித்துப் போடத்தான் அதை வகுப்புக்கு எடுத்து வந்திருக்கிறாள், அது கீழே விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு அதோடு நின்றுவிடும், வெளியில் தலைகாட்ட முடியாது, திங்கட்கிழமை என்று ஒன்று வராமலே இருந்தால் போதும் என்று இருந்ததாம்.

“நேத்து நான் கேட்டப்ப ஏன் சொல்லல?” என்றேன்.

“நீங்க கேட்ட மாதிரிக்கு, ஆமான்னு சொன்னா அதுக்கும் திட்டுவீங்கன்னு நெனச்சனுங் டீச்சர்.”

எழுந்து போய், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. வாங்கி என் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங் டீச்சர். சத்தியம் பண்ணுங்க” என்றாள். அது மட்டும் என்னால் முடியாது என்றேன். கோபப்பட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சரி, கோபமாகவே இருக்கட்டும் என்று நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போயிற்று. நடுவில் தங்கை வந்து, டீச்சர் எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்டாள். சும்மா வந்திருக்கிறார் என்று அக்காவே பதில் சொன்னாள்.

அம்மா வந்ததும், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பை முதலில் சொன்னேன். அந்த அம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சாமி” என்றார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள்.

அப்பா ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு சைக்கிளில் வந்தார். அவரைப் பார்க்கத்தான் எனக்கு நிஜமாகவே பயம். வெளியே கூட்டிப்போய், தோட்டத்து வரப்பில் நின்று சொன்னேன். பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை, விசாரிக்காமல் நாற்பது பேர் முன்னால் அவளை அவமானப்படுத்தியது நான்தான் என்றேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

“லெட்டரை மட்டும் கேள்விப்பட்டிருந்தா அடிச்சுத்தான் இருப்பேனுங் டீச்சர்” என்றார். “அது அவளுக்கும் தெரியும்.”

டாக்டர் பார்க்கும் நாட்களை எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் என்றேன். நான் கிளம்பும்போது, பஸ் ஸ்டாப் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

திங்கட்கிழமை அப்பா, அம்மா இரண்டு பேருமே வேலைக்கு லீவு போட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அக்கம்பக்கத்தில் வயிற்றுவலி என்று சொன்னார்களாம். டாக்டர் வாரம் ஒரு தடவை வரச் சொன்னார். கொஞ்ச நாள் மாத்திரையும் இருந்தது. பத்து நாளுக்கு அப்புறம் பள்ளிக்கு வந்தாள்.

அதற்குள் நான் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. வகுப்பில் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் போதாதா என்றார் அவர். பிள்ளைகள் முன்னால் இறங்கிப்போனால் நாளைக்கு எவள் மதிப்பாள் என்று கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவமானப்படுத்தியது வகுப்பில்தானே.

முன்கூட்டியே வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்டுக்கொண்டேன். தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள், தான் வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்றாள். அப்படியே செய்தேன். “ரெண்டு வாரத்துக்கு முன்னால இந்தக் கிளாஸ்ல ஒரு லெட்டரை நான் சத்தமாப் படிச்சது தப்பு. யாருடைய லெட்டரையும் படிச்சுக் காட்ட எனக்கு உரிமை இல்லை. மன்னிச்சுக்குங்க” என்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் பலகைப் பக்கம் திரும்பி அன்றைய பாடத்தின் தலைப்பை எழுதினேன். யாரும் என்னை மதிக்காமல் போகவில்லை. அந்த மாதத்திலேயே இரண்டு பிள்ளைகள், வெவ்வேறு நாளில், தனியாகப் பேச வேண்டும் என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள்.

அந்தப் பெண் பிளஸ் டூவில் நான் எதிர்பார்த்த மார்க் வாங்கவில்லை, நடுத்தரமாகத்தான் பாஸ் செய்தாள். பி.காம் முடித்து ஒரு கூட்டுறவு சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று அவள் அம்மாவைக் காரமடைச் சந்தையில் பார்த்தபோது கேள்விப்பட்டேன். அவள் என்னைத் தேடி வந்ததில்லை. வர வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நாளை ஞாபகப்படுத்துகிற முகமாகத்தானே நான் அவளுக்கு இருப்பேன்.

பயிற்சியை முழுசாக முடித்தேன். ஓய்வு பெறும் வரை எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வந்து பேச ஒரு அறை இருந்தது, லேப் ஸ்டோர் ரூமைக் காலி செய்து நான் கேட்டு வாங்கியது. ‘செத்துப்போயிரலாம்னு தோணுதா’ என்று எத்தனையோ பிள்ளைகளிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் இல்லை என்றார்கள். சிலர் ஆமாம் என்றார்கள். கேட்டதால் யாருக்கும் கெடுதல் வந்ததாக நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், அன்று பஸ்ஸில் செய்த மாதிரி, வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன்.

எல்லாரும் என்னை நல்ல டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருந்த வருடத்தில்தான் இதைச் செய்தேன் என்பதை மறக்காமல் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் வீட்டில் என் மகளோ, தெருவில் தெரிந்த பிள்ளையோ, எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், அவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று நான் யோசிப்பதில்லை, நான் எப்படிக் கேட்டேன் என்றுதான் யோசிக்கிறேன்.